விசில் எங்கிருந்து வருகிறது? பெண் மீதான வன்முறை கேளிக்கையாவதைப் பிரித்துக் காட்டும் கண்காட்சி அமைக்கும் முறை

ஒரு வகுப்பறை அளவுள்ள அறை, இடையில் சன்னல் வராத 12 மீட்டர் சுவர், மூன்று பழைய கைபேசிகள், கொஞ்சம் சார்ட் பேப்பர், இரண்டு வார உழைப்பு. கல்லூரித் திரைப்பட மன்றமோ நூலக வாசகர் வட்டமோ மகளிர் அமைப்போ, ஐந்தாறு பேர் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம். பணம் அதிகம் தேவையில்லை. பொறுமைதான் அதிகம் தேவை, ஏனென்றால் வேலையில் பாதி கணக்கெடுப்பு.

தொடங்குமுன் ஒரு முடிவை எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்: அறைக்குள் எந்த இடத்திலும் வன்முறையைத் திரும்பக் காட்டக் கூடாது. இந்தப் பொருளில் வரும் கண்காட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. காயம்பட்ட முகம், கிழிந்த உடை, தரையில் சிவப்புச் சாயம் என்று வைத்தால், வருகிறவர் திரையரங்கில் பார்த்த அதே கண்ணால்தான் அதையும் பார்ப்பார். ஒரு துரத்தலையோ கன்னத்தில் விழும் அறையையோ ரசிக்கத்தக்கதாக மாற்றுவது அந்தச் செயல் அல்ல. கேமரா எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வெட்டுகிறார்கள், பின்னால் என்ன தாளம் ஓடுகிறது, பக்கத்தில் நிற்கும் நண்பன் சிரிக்கிறானா என்பவைதான் அதைச் செய்கின்றன. அந்த வேலைப்பாட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டுவதே இந்தக் கண்காட்சி.

ஓவியத்தில் இது பழைய பிரச்சினை. குளிக்கும் சூசன்னாவைக் கிழவர் இருவர் ஒளிந்து பார்த்து மிரட்டும் விவிலியக் கதையை ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அவளுடைய அழகைக் காட்டும் சாக்காகவே வரைந்தார்கள். படத்துக்கு முன்னால் நிற்பவரும் மூன்றாவது கிழவராகிவிடுவார். 1610-இல் இத்தாலியில் ஆர்ட்டிமீசியா ஜென்டிலெஸ்கி அதே கதையை வரைந்தபோது அவளைக் கடினமான கல் இருக்கையில் உட்காரவைத்து, உடல் முறுக்கி விலகுவதாக, முகத்தில் வெறுப்பும் வேதனையும் தெரிய வரைந்தார். கதை மாறவில்லை, பார்வை நிற்கும் இடம் மாறியது. கணக்கெடுக்கும்போது மனத்தில் இருக்க வேண்டியது இதுதான்.

எந்தக் காட்சியை எடுப்பது

நாயகி மறுத்த பிறகும் நாயகன் பின்தொடரும் ஒரு பாடல், சராசரியாக 4 நிமிடம். இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வோம். கொலை, வன்புணர்வுக் காட்சிகளை எடுக்க வேண்டாம். அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கணக்கெடுப்பதே குழுவில் உள்ள பெண்களைச் சோர்வடையச் செய்யும். அதோடு, அவை தவறு என்று எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொள்கிறார்கள். விசில் வாங்கும் துரத்தலில்தான் கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். குத்துப்பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ‘இந்த லோக்கல் பசங்களே இப்படித்தான்’ என்ற முடிவுக்கு அறை முழுவதும் வந்து நிற்பது சுலபம். அது சாதியும் வர்க்கமும் சேர்ந்த வேறொரு இழிவு. கண்ணாடிக் கட்டட அலுவலகத்தில், ஆங்கிலம் பேசும் நாயகன், வயலின் இசையோடு அதே வேலையைச் செய்யும் பாடல்களும் ஏராளம். ஒரு குத்து, ஒரு மெல்லிசை என இரண்டையும் கணக்கெடுங்கள். சுவரில் இடம் ஒன்றுக்குத்தான் என்றால் மெல்லிசையையே வையுங்கள்.

படத்தின் பெயர், நடிகர் பெயர் எதையும் அறையில் எழுத வேண்டாம். பெயர் வந்ததும் பேச்சு ரசிகர் சண்டையாகிவிடும்.

ஷாட் கணக்கு

கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் படத்தைத் திறந்து, நிறுத்திவிட்டு, ‘ஈ’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம், 4 நிமிடப் பாடலில் 5,760. ஒவ்வொரு வெட்டும் விழும் நேரத்தை அரை நொடித் துல்லியத்தில் குறித்தால் போதும்.

ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு ஷாட். ஒரு விரிதாளில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இவற்றை எழுதுங்கள்: வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், திரையில் யார் (அவன் முகம், அவள் முகம், முகமில்லாமல் அவள் உடல், சுற்றியிருப்பவர்கள்), கேமரா யார் கண்ணால் பார்க்கிறது, அவள் வாய் திறக்கிறாளா, யாராவது சிரிக்கிறார்களா.

‘யார் கண்ணால்’ என்ற பத்தியில்தான் எப்போதும் குழப்பம் வரும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஷாட்டில் ஒருவர் திரைக்கு வெளியே பார்த்தால், அடுத்த ஷாட் அவர் பார்வை. அப்படி எதுவும் இல்லையென்றால் ‘யாருமில்லை’ என்று எழுதுங்கள். ஊகம் வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக முழுக் கணக்கையும் எடுத்து, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருப்பது நல்லது. வேறுபடும் ஷாட்களை மூன்றாமவர் முன்னால் ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் எடுத்த கணக்கில், கடைசி ஒரு நிமிடம் அலுப்பில் தாறுமாறாகியிருக்கும்.

இன்னும் இரண்டு குறிகள் தேவை. அவள் தெளிவாக மறுக்கும் இடத்தில் ஒரு வட்டம். அதற்குப் பிறகு அவன் பின்தொடர்ந்தோ பேச முயன்றோ நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முக்கோணம். இந்தக் குறிகள் நம் கற்பனை அல்ல. ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013 திருத்தத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவாகச் சேர்ந்த குற்றம். 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. முதல் முறைக்கு 3 ஆண்டு வரையும் மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையும் சிறை. வட்டமும் முக்கோணமும் அந்தச் சட்ட வரையறையை அப்படியே பின்பற்றுகின்றன.

சுவரில் ஓடும் நாடா

ஷாட் கணக்கை, நேரத்துக்கேற்ற அகலத்தில் வண்ணத் துண்டுகளாகச் சுவரில் ஒட்டும் தாள் நாடா இது. இதுதான் அறையின் நடுப்பொருள். ஒரு நொடிக்கு 5 செ.மீ. என்று வைத்தால் 4 நிமிடப் பாடல் சரியாக 12 மீட்டர் வரும். அரை நொடி ஷாட் கூட 2.5 செ.மீ. அகலத்தில் கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு 2 செ.மீ. என்று சுருக்கினால் வேகமான வெட்டுகள் எல்லாம் கோடுகளாகி, வெறும் அலங்காரத் தோரணம் போலாகிவிடும்.

கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் ஏறத்தாழ 56×71 செ.மீ. அதை 18 செ.மீ. உயரப் பட்டைகளாக நீளவாக்கில் வெட்டினால் ஒரு தாளில் மூன்று பட்டை, அதாவது 2.13 மீட்டர். வெள்ளைத்தாள் 6 போதும். அதன்மேல் ஒட்டும் வண்ணத் துண்டுகளின் உயரம் 12 செ.மீ. வண்ணம் ஒன்றுக்கு இரண்டு தாள், அவன் முகத்துக்கு மட்டும் மூன்று வாங்குங்கள். கீழே மிஞ்சும் 6 செ.மீ. வெள்ளையில் வட்டமும் முக்கோணமும் கறுப்பு மார்க்கரில் வரும்.

வண்ணங்களில் சிவப்பு வேண்டாம். சிவப்பைப் பார்த்ததும் எல்லோரும் ‘ஓ, இதுதான் தப்பான இடம்’ என்று முடிவுகட்டி மற்றதைப் பார்க்க மாட்டார்கள். அவன் முகத்துக்கு மஞ்சள், அவள் முகத்துக்கு நீலம், முகமில்லாத உடலுக்குச் சாம்பல், சுற்றியிருப்பவர்களுக்குப் பச்சை என்று நாங்கள் பரிந்துரைப்போம். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கும் மஞ்சளும் நீலமும் நன்றாகப் பிரியும்.

மைதாப் பசை தாளைச் சுருங்கவைத்து அளவைக் கெடுத்துவிடும். இருபக்க டேப் பயன்படுத்துங்கள். முழு வேலைக்கும் 40 மீட்டராவது வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் நிற்காது, பட்டையாக உரிந்து வரும். அப்படியானால் இரண்டு ஆணிகளுக்கு இடையே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, துணிக் கிளிப்பில் தொங்கவிடலாம். நடுவில் தொய்யாமலிருக்க 2 மீட்டருக்கு ஒரு ஆணி கொடுக்க வேண்டும். நாடாவின் நடு உயரம் தரையிலிருந்து 140 செ.மீ. பள்ளி மாணவர்கள் வந்தால் 125.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். கதவுக்கு எதிர்ச்சுவரில் தொடங்கி, பார்ப்பவர் இடமிருந்து வலமாக நடக்கும்படி ஒட்டுங்கள். தொடக்கத்தில் வண்ண விளக்கம் மட்டும் இருக்கட்டும். கருத்துரை எதுவும் வேண்டாம். நடந்து கடக்கும்போது, எத்தனை அடி தூரம் அவள் முகமே வரவில்லை என்பதைக் கால் உணர்த்தும். நாடா முடியும் இடத்தில் ஒரு ஏ4 தாளில், அந்த 4 நிமிடத்தில் அவள் பேசிய வரிகளை மட்டும் வரிசையாகத் தட்டச்சு செய்து மாட்டுங்கள். ஒன்றுமே பேசவில்லை என்றால் வெற்றுத்தாளை மாட்டி, மேலே நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

அதற்குப் பக்கத்தில், திரைப்படச் சான்றிதழுக்காக மத்திய அரசு 1991-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெண்களை எவ்வகையிலும் இழிவுபடுத்தும் காட்சிகள் இடம்பெறக் கூடாது என்று இருப்பதையும் சிறிய எழுத்தில் வைக்கலாம். விதி இல்லாததல்ல பிரச்சினை என்பது பார்ப்பவருக்குத் தானே புரியும்.

பழிவாங்கும் படங்களுக்கு வேறொரு நாடா உண்டு. தங்கைக்கோ காதலிக்கோ கொடுமை நடக்கிறது, பிறகு நாயகன் கிளம்புகிறான். இதில் கொடுமைக் காட்சியை அளக்க வேண்டாம். அதற்குப் பிறகு வரும் படத்தை ஒரு நிமிடத்துக்கு 5 செ.மீ. என்று ஒட்டி, அவள் திரையில் வரும் நிமிடங்களை மட்டும் நீலமாக்குங்கள். அவள் காயம் யாருடைய கோபத்துக்கு எரிபொருளாகிறது என்பது தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் என்றாலும் 4.5 மீட்டரில் முடிந்துவிடும்.

ஒரே படம், மூன்று ஒலி

இசையின் பங்கைக் காட்ட சினிமாத் துண்டு தேவையில்லை. நாமே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நீளமான பள்ளி மதில். ஒரு பெண் நடக்கிறார், மூன்று மீட்டர் பின்னால் ஓர் ஆண். பாதி வழியில் அவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். அவன் நடையில் மாற்றமில்லை. அவ்வளவுதான்.

கைபேசியை முக்காலியில், கண் உயரத்தில், மதிலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, கிடைமட்டமாக நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில் 20 மீட்டர் மதில் ஏறத்தாழ முழுதாகப் படச் சட்டகத்துக்குள் வரும். சாதாரண நடையில் அதைக் கடக்க 17 நொடி ஆகும். கேமராவை அசைக்கவே கூடாது. அவரோடு சேர்த்துத் திருப்பினால் கேமராவே பின்தொடர ஆரம்பித்துவிடும். நெருக்கக் காட்சி வேண்டாம். காலை 7 மணி வெயிலில், எக்ஸ்போஷரை (கேமரா எடுக்கும் ஒளி அளவை) மாறாமல் பூட்டிவிட்டு எடுங்கள். நடிப்பவர்களிடம் ‘பயந்து பார்’, ‘சிரித்துப் பார்’ என்று எதுவும் சொல்லாதீர்கள். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பினால் போதும். அந்தத் திரும்பலில் முகபாவம் ஏறினால் சோதனை கெட்டது.

இந்த 17 நொடிக்கு மூன்று ஒலித்தடங்கள். முதலாவதில் உறுமியும் தவிலும் சேர்ந்த துள்ளல் தாளம். இரண்டாவதில் புல்லாங்குழலோ வயலினோ மெதுவாக. மூன்றாவதில் தெருவின் ஒலியும் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தமும் மட்டும். இசையைத் தெரிந்த கலைஞர்களிடம் புதிதாக வாசித்து வாங்குங்கள். பழகிய பாட்டாக இருந்தால் பார்ப்பவர் அந்தப் படத்தை நினைத்துக்கொள்வார். செருப்புச் சத்தத்தைச் சிமெண்டுத் தரையில், காலிலிருந்து 30 செ.மீ. தள்ளி மைக் வைத்துத் தனியாகப் பதிவு செய்து பொருத்த வேண்டும்.

உறுமி ஒலிக்கும்போது அந்தத் திரும்பிப் பார்த்தல் சீண்டலாகத் தெரியும். வயலினில் ‘அவளுக்கும் இஷ்டம்தான்’ என்றாகும். வெறும் செருப்புச் சத்தத்தில் அதே பார்வை வேறாகிவிடும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு படங்களுக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டிச் செய்த சோதனையின் ஒலி வடிவம் இது.

அளவில் பலரும் தவறுவது இங்கே. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், ஒலியளவைச் சமப்படுத்தும் லவுட்னஸ் நார்மலைசேஷன் கொண்டு இரண்டு இசைத் தடங்களையும் ஒரே அளவுக்கு, -20 LUFS-க்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள். அதையும் -20-க்கு ஏற்றினால் தெரு இரைச்சல் பேய்ப்பட ஒலி போல உப்பி, நாமும் ஒரு மிரட்டலைச் சேர்த்தவர்களாவோம். மூன்று கைபேசிகளில் மூன்று வடிவம், கம்பி உள்ள ஹெட்போன், ஓயாமல் சுழலும்படி ஓட்டம், பறக்கும் பயன்முறை, எப்போதும் மின்னிணைப்பில். எது முதலில் என்பது அடுத்ததைப் பாதிக்கும் என்பதால் காலை, மதியம், மாலை என்று கைபேசிகளை இடம் மாற்றுங்கள்.

தலைப்புப் போஸ்டரும் கொலைச்சிந்தும்

டீக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகைப் போஸ்டர்களையும் இந்த அறைக்குள் கொண்டுவரலாம். உண்மையான போஸ்டரை மாட்டாதீர்கள். அதன் வாக்கிய அமைப்பை மட்டும் எடுத்து, 20×30 அங்குலத் தாளில் அதே கொட்டை எழுத்தில் இரண்டிரண்டாக அச்சிடுங்கள். இடப்பக்கம் ‘காதலிக்க மறுத்த மாணவி வெட்டிக் கொலை’. வலப்பக்கம் ‘மறுப்பை ஏற்காத இளைஞர் மாணவியை வெட்டிக் கொன்றார்’. இடப்பக்கத்தில் கொன்றவர் வாக்கியத்திலேயே இல்லை, அவள் செய்த செயல்தான் இருக்கிறது. மூன்று ஜோடிக்கு மேல் வேண்டாம்.

பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், படம் எதுவும் எங்கும் வரக் கூடாது. பாலியல் குற்றங்களில் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இறந்தவரின் பெயரையும் போடாதீர்கள்.

இந்தக் கேளிக்கைக்குச் சினிமாவுக்கு முந்திய தமிழ் வரலாறு உண்டு. சென்னை குஜிலிக் கடைத்தெரு அச்சகங்களிலிருந்து மலிவுத் தாளில் வந்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்கப்பட்ட, நடந்த கொலைகளைக் கதைப்பாட்டாக்கிய கொலைச்சிந்துகள்தான் அது. அந்த வடிவத்தையே எடுத்து ஆறு நிமிட நிகழ்த்துதல் ஒன்றைச் சேர்க்கலாம். ஒரு பாடகர், ஒரு கஞ்சிரா. மெட்டு பழையது, கதை வேறு. கொலைக்குப் பதில் கொல்லப்பட்டவள் வாழ்ந்த ஒரு நாளைப் பாடுங்கள்:

கூடி நிற்போரே கேளுங்கள் – அவள்
கூலிக்குப் போன பாதையை
பாடி வைத்தாரே நூறுபேர் – அந்தப்
பாவி கத்தியின் நீளத்தை
தேடிச் சொன்னாரா ஒருத்தரும் – அவள்
நட்ட நாற்றின் கணக்கினை

கொலை வரவேண்டிய கண்ணியில் கஞ்சிரா நிற்க வேண்டும். இருபது நொடி அமைதி. பாடகர் கீழே பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பத்து நொடியில் யாராவது இருமுவார்கள், செருமுவார்கள். அப்போது பதறி அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் வழக்கமான கோளாறு. ஒத்திகையிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். பிறகு அவளுடைய மாலைப் பொழுதைப் பாடி முடியுங்கள்.

பத்திரிகையாளர்கள் வந்தால்

செய்தியாக்குபவர்களே மறுபடி பரபரப்பாக்கிவிடும் அபாயம் உண்டு. இதற்கு நல்ல பாடம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. 1977 இறுதியில் அங்கே பெண்கள் தொடர்ச்சியாகக் கொல்லப்பட்டதை ஊடகங்கள் திகில் தொடராக விற்றுக்கொண்டிருந்தபோது, கலைஞர்கள் சூசன் லேசியும் லெஸ்லி லபோவிட்சும் டிசம்பர் 13 அன்று நகர மன்றப் படிகளில் ஒரு துக்க நிகழ்வை நடத்தினார்கள். சவ ஊர்தியிலிருந்து தலை முதல் கால்வரை கறுப்பில் மிக உயரமான பெண்கள் இறங்கி வந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். தொலைக்காட்சிச் செய்தி எவ்வளவு வெட்டினாலும் எந்தத் துண்டிலும் அவர்கள் சொல்லவந்தது இருக்கும்படி பின்னணி, பதாகை, பேசும் வரி எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்திருந்தார்கள்.

அதையே செய்யுங்கள். படம் எடுக்க ஓரிடத்தை மட்டும் அனுமதியுங்கள்: நாடாவின் நடுப்பகுதி, 3 மீட்டர். செய்திக்குறிப்பு அரைப்பக்கம் போதும். முதல் வரியில் கணக்கு இருக்கட்டும், பெண்களின் துயரம் பற்றிய அடைமொழிகள் வேண்டாம். குழுவில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். ‘உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘இந்த நாடாவைப் பற்றிக் கேளுங்கள்’ என்பதே பதில்.

அறையைக் காப்பது

வருகிறவர்களில் இதையெல்லாம் வாழ்ந்து கடந்தவர்கள் இருப்பார்கள். வாசலில் உள்ளே என்ன இருக்கிறது என்று நான்கு வரியில் எழுதி வையுங்கள். வந்த வழியே திரும்பாமல் பாதியிலேயே வெளியேற இன்னொரு கதவு இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் மேசைகளை வழி அடைக்காமல் போடுங்கள். வெளியே நிழலில் இரண்டு நாற்காலி, தண்ணீர், பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஒரு பெண் தன்னார்வலர். மகளிர் உதவி எண் 181, அவசரத்துக்கு 112 என்பதை வெளிவாசலில் பெரிதாக எழுதுங்கள். உள்சுவரில் எழுதினால் யாரும் பார்க்கும்படி நின்று குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிரிப்பவர்களும் வருவார்கள், குறிப்பாகக் கும்பலாக வரும் மாணவர்கள். அதட்ட வேண்டாம். நான்கு நான்கு பேராக அனுப்புங்கள். கும்பல் கலைந்தாலே சிரிப்பு பாதி அடங்கும். ‘நாங்கெல்லாம் அப்படி இல்லை மேடம்’ என்பவர்களிடம் ஒரு பென்சிலையும் வெற்று நாடாத் துண்டையும் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்த பாட்டின் ஒரு நிமிடத்தை அங்கேயே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு 3 மீட்டர் துண்டு வேண்டும், பத்துத் துண்டாவது தயாராக இருக்கட்டும். முடித்த துண்டுகளைப் பெரிய நாடாவுக்குக் கீழே ஒட்டுங்கள்.

கருத்துப் பெட்டி வைத்தால் அதில் சிலர் தங்களுக்கு நடந்ததை எழுதிப் போடுவார்கள். அவற்றைக் காட்சிக்கு வைக்கவோ படமெடுக்கவோ கூடாது. எழுதும் இடத்திலேயே ‘இதைக் காட்சிக்கு வைக்கலாம் / வேண்டாம்’ என்று இரண்டு கட்டம் அச்சிடுங்கள். ஒன்றிலும் குறி இல்லாதது ‘வேண்டாம்’ என்றே கொள்ளப்படும். பெட்டியின் சாவி இரண்டு பெண்களிடம் மட்டும் இருக்கட்டும். நாடாவைக் கழற்றிச் சுருட்டும் நாளிலேயே ‘வேண்டாம்’ தாள்களை அவர்கள் கையாலேயே கிழித்து எரித்துவிட வேண்டும். நாடா 12 மீட்டரும் ஒரு குழாயில் சுருண்டுவிடும். வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால் துண்டுகள் பெயராமல் அடுத்த ஊருக்குப் போகும்.